கமலையா, கவலையா: பழைய படங்களுக்கு யார் பெயர் வைப்பது?

ஒரு பழைய படம். மாடு கட்டிக் கிணற்று நீரை இறைக்கும் காட்சி. கிணற்று மேட்டிலிருந்து இரண்டு மாடுகள் சரிவில் இறங்குகின்றன. பின்னால் வடம் விறைத்து நிற்கிறது; அதன்மேல் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். கிணற்றின் வாயில் தோல் சால் பாதி தெரிகிறது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தினர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்த படங்களில் இதுவும் ஒன்று. இணையத்தில் ஏற்றும்போது இதன் கீழே என்ன எழுதுவது என்று தொடங்கிய பேச்சு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

நூலக அறிவியல் படித்த நண்பர் ஒருவர் 'நீர்ப்பாசன முறைகள்' என்று எழுதச் சொன்னார். தென்மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஆசிரியை 'கமலை' என்றார். கொங்குப் பக்கத்து உறவினர் 'கவலை' என்று அனுப்பினார். 'கபிலை' என்று ஒருவர். 'ஏற்றம்' என்று ஒருவர். கல்லூரியில் படிக்கும் பெண் 'கிராமம்', 'மாடு', 'பழைய நினைவுகள்' என்று மூன்று சொற்களைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். இவற்றில் ஏற்றம் தவறு. அது துலாக்கம்பத்தில் ஆள் ஏறி நடந்து இறைப்பது. அங்கே மாட்டுக்கு வேலை இல்லை. மற்றவையெல்லாம் சரி. ஆனால் எதை வைப்பது? வருகிறவர்கள் எழுதுவதையெல்லாம் அப்படியே ஏற்பதா, நாமே ஒரு சொற்பட்டியல் போட்டு அதற்குள் மட்டும் அடைப்பதா, இடையில் வேறு வழி உண்டா?

இதே கேள்வியோடு ஊர்ப் படங்களையோ, பள்ளி ஆண்டு மலர்களையோ, கோயில் துண்டறிக்கைகளையோ, நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவுகளையோ வைத்துக்கொண்டு இருப்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக, நாங்கள் அலசிப் பார்த்த வழிகளை எழுதுகிறேன்.

முதல் வழி, அறிந்தவர்கள் முன்கூட்டியே பகுத்து வைப்பது. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பத்துப் பிரிவு முறைதான் இன்றும் பல நூலகங்களின் அலமாரிகளில் எண்ணாக ஒட்டியிருக்கிறது. இதன் பலம் பெரியது. ஒரு பொருளுக்கு ஒரே இடம், ஒரே பெயர். யார் தேடினாலும், எப்போது தேடினாலும் அதே இடத்தில் கிடைக்கும். பத்தாண்டு கழித்து வேறொருவர் பொறுப்புக்கு வந்தாலும் பட்டியல் அவருக்கு வழிகாட்டும்.

ஆனால் பட்டியல் போட்டவர் நின்ற இடத்திலிருந்துதான் அது உலகத்தைப் பார்க்கும். டூயி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை பத்து எண்கள். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் ஒரு புள்ளிக்குப் பின்னால் போய் நிற்கிறது. மதங்களுக்கான 200ஆம் வரிசையில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. ஏனைய மதங்களெல்லாம் 290களில். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நூல்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிடும் தன் தலைப்புகளில், அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குச் 'சட்டவிரோத அந்நியர்கள்' என்ற தொடரை நெடுங்காலம் வைத்திருந்தது. டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, அரசியல் தடைகளையெல்லாம் தாண்டி அது மாற 2021 ஆகிவிட்டது. ஒரு தலைப்பை மாற்ற ஏழு ஆண்டு! அறிஞர்களின் பட்டியல் என்றால் அது நடுநிலையானது என்ற நம்பிக்கை எனக்கு இந்த வேலைக்குப் பிறகு போய்விட்டது.

டூயியின் கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் நம் சீர்காழிக்காரர் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எல்லாப் பொருளுக்கும் முன்பே எண் போட்டு வைக்காமல், ஒரு பொருளின் முகங்களைத் தனித்தனியாகப் பிரித்து வேண்டியபடி கோத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆள் அல்லது பொருள், அதன் மூலப்பண்டம், நடக்கும் செயல், இடம், காலம் என்று ஐந்து முகங்கள். எங்கள் படத்தை இந்தக் கண்ணால் பார்த்தால், 'நீர் இறைத்தல்' செயல், ஊர்ப்பெயர் இடம், தோராயமான பத்தாண்டு காலம் என்று தானாகவே பிரிந்து விழுகிறது. இதை எங்கள் முடிவில் பயன்படுத்திக்கொண்டோம், பின்னால் சொல்கிறேன்.

முதல் வழியின் பெரிய குறை, 'நீர்ப்பாசன முறைகள்' என்ற தலைப்பு சால், தும்பி, வடம், வால்கயிறு என்று இறைக்கும் கருவியின் உறுப்புப் பெயர்கள் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது என்பதே. அந்தத் தலைப்பைச் சொல்லித் தேடுகிற பாட்டியோ பேத்தியோ எங்கள் ஊரில் கிடையாது.

இரண்டாம் வழி, குறிச்சொற்களை, அதாவது தேடி எடுப்பதற்காகப் படத்தோடு ஒட்டி வைக்கும் சொற்களை, மக்களிடமே விட்டுவிடுவது. 2003இல் வந்த டெலிஷியஸ் என்ற, இணையப் பக்க முகவரிகளைச் சேமித்துவைக்கும் தளமும் 2004இல் வந்த ப்ளிக்கர் படத்தளமும் இதைப் பெருவழக்காக்கின. தாமஸ் வாண்டர் வால் 2004இல் இதற்கு 'ஃபோக்சானமி' என்று பெயர் வைத்தார். மக்கள் வகுத்த பகுப்பு என்று பொருள் கொள்ளலாம்.

இந்த வழிக்குச் சாதகமான பெரிய சான்று ஒரு பழைய நூலகத்திடமிருந்தே கிடைக்கிறது. மேலே நான் குறை சொன்ன அதே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், 2008 ஜனவரியில் தன் பழைய புகைப்படங்களை ப்ளிக்கரில் வைத்து, பார்ப்பவர்கள் குறிச்சொல் இடலாம் என்று திறந்துவிட்டது. அந்த அக்டோபருக்குள் 4,615 படங்களுக்கு 2,518 பேர் 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தார்கள். முறையற்றவை என்று நீக்க வேண்டியிருந்த பதிவுகள் இருபத்தைந்துக்கும் குறைவு. மக்கள் தந்த தகவல்களைச் சரிபார்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பட்டியல் குறிப்புகளை நூலகம் தானே திருத்திக்கொண்டது. அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்கள் சில சேர்ந்து நடத்திய 'ஸ்டீவ்' என்ற ஆய்வுத் திட்டத்தில், பார்வையாளர்கள் இட்ட குறிச்சொற்களில் 86 விழுக்காடு அருங்காட்சியகத்தின் சொந்தக் குறிப்புகளில் இல்லாதவை. பார்க்கிறவர் வேறு சொற்களால் பார்க்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்த எண்களைப் படித்ததும் எங்கள் குழுவில் பாதிப் பேர் 'திறந்துவிடலாம்' என்றார்கள். நானும்தான். பிறகுதான் ஒன்று உறைத்தது. கோல்டர், ஹூபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் டெலிஷியஸ் தரவுகளை ஆராய்ந்து 2006இல் எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்தைச் சுமார் நூறு பேர் குறித்த பிறகு எந்தக் குறிச்சொல் எந்த விகிதத்தில் என்பது நிலைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். கூட்டம் தானே ஒழுங்குக்கு வரும் என்பதற்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் இது. ஆனால் நூறு பேர்! எங்கள் கமலைப் படத்தை இதுவரை குறித்தவர்கள் ஆறு பேர். சில படங்களுக்கு ஒருவர்தான். கூட்டத்தின் அறிவு வேலை செய்யக் கூட்டம் வேண்டும். சின்னத் தொகுப்புக்கு அது வராது. பெரிய தளங்களின் வெற்றியைப் பார்த்து முடிவெடுக்கும் சிறிய குழுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நம் மொழிக்கே உரிய சிக்கல். ஒரே விழாவுக்கு எங்களுக்கு வந்த குறிச்சொற்கள் இவை: தேர்த்திருவிழா, தேர்த் திருவிழா, தேர் திருவிழா, தேர்திருவிழா, தேரோட்டம், ரதோற்சவம். முதல் நான்கும் ஒரே சொல். சேர்த்தோ பிரித்தோ, ஒற்று மிகுந்தோ மிகாமலோ எழுதியதால் கணினிக்கு நான்கு. கோயில் என்று ஒருவர், கோவில் என்று ஒருவர், 'கோயில்கள்' என்று பன்மையில் ஒருவர், 'கோவிலில்' என்று வேற்றுமை உருபோடு ஒருவர். ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிற தொல்லை நமக்குப் பத்து வடிவங்களாக விரிகிறது.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத பிழை. கேதார கௌரி விரதப் படங்கள் சிலவற்றை ஏற்றியிருந்தோம். தேடினால் பாதிதான் வந்தது. ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு விஷயம் பிடிபட்டது. ஒருவர் 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு எழுதியிருக்கிறார். மற்றவர் 'கெளரி' என்று எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கணினிக்கு வேறு வேறு சொற்கள். 'கொ' போன்ற எழுத்துகளில் ஒற்றைக் குறியாகவும் இரண்டு துண்டாகவும் எழுதப்படும் வேறுபாட்டை யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு கணினிக் குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் வசதி) சரிசெய்துவிடும். மென்பொருளில் அதை இயக்கினால் போதும். ஆனால் கௌ, கெள குழப்பத்தை அது தொடாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் இரண்டும் முறையான எழுத்துத் தொடர்கள். ஒரு மனிதர் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், அல்லது தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

பொருள் குழப்பமும் உண்டு. 'கவலை' என்ற குறிச்சொல்லைத் தட்டினால் மாட்டை வைத்து நீர் இறைக்கும் படத்தோடு, ஒரு கையெழுத்து இதழில் வந்த சோகக் கவிதையும் வந்து நின்றது.

சாதிப்பெயர்களைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. தமிழில் ஊர்ப் படங்களைத் திறந்துவிட்டால் அவை வரும். வயலில் நடவு செய்யும் பெண்களின் படத்துக்கு யாரோ ஒருவர் இழிவான பொருளில் வழங்கும் சாதிப்பெயரை மட்டும் குறிச்சொல்லாக இட்டார். அந்தப் பெண்களில் ஒருவரின் பேரன் எங்கள் குழுவில் இருக்கிறான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கணினியை விட்டு எழுந்து போனான். ஒரு மணி நேரத்துக்குள் நீக்கினோம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அது எங்கள் பெயரில் உலகத்துக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்க நூலகம் நீக்கியது இருபத்தைந்துக்கும் குறைவு என்ற எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

இடைப்பட்ட வழிகள் சில. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் தளத்தில் ஒரு கேள்விக்கு ஐந்து குறிச்சொற்கள்தான். புதிய சொல்லை உருவாக்க 1,500 நன்மதிப்புப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஒரே தொழில்மொழி பேசுகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். கிணற்று மேட்டில் வளர்ந்த பெரியவரிடம் 'புள்ளி சேர்த்துவிட்டு வந்து தும்பி என்று எழுதுங்கள்' என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டோம்.

இருவர் தனித்தனியே ஒரே சொல்லைச் சொன்னால் மட்டும் ஏற்பது இன்னொரு வழி. கணினி அறிஞர் லூயிஸ் வான் ஆன் இதை ஒரு விளையாட்டாகவே வடிவமைத்தார். கூகுள் 2006இல் அதைத் தன் படத் தேடலுக்கு எடுத்துக்கொண்டது. நல்ல தந்திரம். ஆனால் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த சொல்தான் இதில் தேறும். 'மாடு' தேறும். 'கிணறு' தேறும். 'வால்கயிறு' ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் விழுந்துவிடும். நாங்கள் காப்பாற்ற நினைப்பதோ அந்த வால்கயிற்றைத்தான்.

கணினியே படத்தைப் பார்த்துக் குறிச்சொல் இடும் வசதி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதைத் தள்ளிவைத்ததற்கு ஒரு காரணம் போதும். 2015இல் ப்ளிக்கர் தானியங்கிக் குறிச்சொற்களைக் கொண்டுவந்தபோது, தாஹாவ் நாஜி வதைமுகாமின் வாயிற்படத்துக்குக் குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டகம் என்று பொருள்படும் சொல்லை அது ஒட்டியது. இன்று கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. என்றாலும் யாரும் பார்க்காமல் வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் எங்களுக்குப் பிடித்த வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்பது தங்களுக்குப் பிடித்த கதைகள், படங்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான தளம். 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2019இல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது பெற்றது. அங்கே எழுதுகிறவர் தன் கதைக்கு என்ன குறிச்சொல் வேண்டுமானாலும் இடலாம். தடையே இல்லை. ஆனால் பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒரே பொருளுடைய சொற்களை ஒரு தலைச்சொல்லோடு இணைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதில் அழகு என்னவென்றால், அவர்கள் எழுதியவரின் சொல்லை மாற்றுவதில்லை. கதையின் மேலே அவர் எழுதியது எழுதியபடி நிற்கும். தேடும்போது மட்டும் எந்தச் சொல்லில் நுழைந்தாலும் எல்லாம் சேர்ந்து வரும். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களை உறவு பார்த்து உட்கார வைக்கிற ஏற்பாடு.

இது இலவசமாக வருவதில்லை. சொல்லை இணைக்கும் ஆட்கள் வேண்டும், நிரந்தரமாக வேண்டும். முதல் வழியில் உழைப்பு தொடக்கத்தில் மொத்தமாக விழுகிறது. இரண்டாம் வழியில் உழைப்பே இல்லாததுபோலத் தோன்றி, தேடுகிறவர் தலையில் போய் விழுகிறது. இந்த வழியில் அது வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நம் தோளில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தரக்கூடிய இருவர் உங்கள் குழுவில் இல்லை என்றால் இதைத் தொடாதீர்கள். அப்போது முதல் வழியே மேல். சின்னப் பட்டியல் ஒன்றைப் போட்டு, அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். கவனிப்பாரற்ற திறந்த குறிச்சொற்களைவிட அது எவ்வளவோ நல்லது.

எங்களிடம் இருவர் கிடைத்தார்கள்: அந்த ஆசிரியையும், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும். எந்தத் தெருவுக்கு எத்தனை பெயர் என்பது தபால்காரருக்குத் தெரிந்ததுபோல ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

ரங்கநாதனிடமிருந்து இடம், காலம், செயல் என்று மூன்று முகங்களை எடுத்துக்கொண்டோம். அவற்றை நாங்கள் மட்டுமே நிரப்புவோம், வரையறுத்த பட்டியலிலிருந்து. இடத்துக்கு வருவாய்த்துறைப் பெயர்; வழக்குப் பெயர் அதோடு இணைந்திருக்கும். காலம் தெரியாவிட்டால் பத்தாண்டுக் கணக்கு. அதுவும் தெரியாவிட்டால் வெற்றிடம். மற்ற எல்லாம் மக்களின் குறிச்சொற்கள். அவை எங்கள் கண்ணில் பட்ட பிறகே வெளியே தெரியும். நடவுப் படம் கற்றுத்தந்த பாடம் அது. இழிசொல்லும், உயிரோடிருப்பவர்களின் சொந்த விவரங்களும் தவிர எந்தச் சொல்லையும் அழிப்பதில்லை.

தவறான சொல்லை என்ன செய்வது என்பதில் நெடுநேரம் வாதாடினோம். 'ஏற்றம்' என்பதை நீக்கிவிட வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். தபால்காரர் மறுத்தார். இன்றைக்குப் பலர் நீர் இறைக்கும் எல்லாவற்றையும் ஏற்றம் என்றுதான் நினைக்கிறார்கள். அவர்கள் அந்தச் சொல்லில்தான் தேடி வருவார்கள், வந்த பிறகு சரியான பெயரைத் தெரிந்துகொள்ளட்டுமே என்றார். அவர் சொன்னதே சரி என்று இன்று நினைக்கிறேன். ஆகவே அந்தச் சொல் தேடலுக்கு வாசலாக இருக்கும். படத்தின் கீழே பெயராக வராது.

தட்டச்சு தெரியாதவர்களிடம் நாங்கள்தான் போக வேண்டும். கமலைப் படத்தைப் பெரிதாக அச்சடித்து டீக்கடைக்கு எடுத்துப்போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இது சால். அதன் அடியில் துதிக்கைபோலத் தொங்குவது தும்பி. மாடு இழுப்பது வடம். தும்பியை மடக்கிப் பிடித்திருப்பது வால்கயிறு. சால் மேலே வந்ததும் அதுதான் தும்பியை வாய்க்காலில் நீட்டித் தண்ணீரைக் கொட்ட வைக்கும். பம்புசெட் வந்தபின் இந்தப் பெயர்களை வாயால் சொல்லவே இல்லை என்றார். நான்கையும் அவர் சொன்ன வடிவத்திலேயே ஏற்றினோம்.

ஒரு எச்சரிக்கை. குறிச்சொற்களை ஏதோ ஒரு தளத்தின் உள்ளே மட்டும் வைக்காதீர்கள். டெலிஷியஸை யாஹூ 2005இல் வாங்கியது, 2011இல் விற்றது. கைமாறிக் கைமாறி 2017இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. நாங்கள் மாதக் கடைசியில் எல்லாச் சொற்களையும், எது எதோடு இணைக்கப்பட்டது என்ற அட்டவணையையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி இரண்டு இடத்தில் வைக்கிறோம்.

அந்தப் படத்தின் கீழே இப்போது தலைச்சொல் 'கமலை'. கவலை, கபிலை இரண்டும் அதோடு இணைந்திருக்கின்றன. 'கவலை' என்று தேடி வருபவரிடம், நீர் இறைக்கும் கவலையா, மனக்கவலையா என்று பக்கம் ஒரு கேள்வி கேட்கிறது. சால், தும்பி, வடம், வால்கயிறு நான்கும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. வடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறுவன் யார் என்று பெரியவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை.